பிட் தெருவின் சமரசமும் குடிக்கூலிச் சட்டமும்

1. கேள்வி

பினாங்குத் தீவின் தலைநகராகிய ஜார்ஜ் டவுனில், ஆங்கிலேயர் காலத்தில் பிட் தெரு என்று பெயர்பெற்று இன்று மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலை என வழங்கும் வீதியின் வடகோடியில் 1818இல் கட்டிமுடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும், அதற்கு அணித்தே சீனர் 1800ஆம் ஆண்டளவில் எழுப்பிய குவான் யின் கோயிலும், அதைக் கடந்து சிறிது தூரம் சென்றால் குயின் தெருவை நோக்கிய முகமும் பிட் தெருவை நோக்கிய முதுகுமாக 1833 முதல் நிற்கும் மகாமாரியம்மன் ஆலயமும், அப்பால் 1801இல் தோன்றிய கப்பித்தான் பள்ளிவாசலும், வீதி வேறு பெயர் கொண்டு குறுகிச் செல்லும் தென்பகுதியில் கூ குலத்தாரின் சங்க மாளிகையும், அதையடுத்து அச்சே நாட்டுப் பிரபுவாகிய தெங்கு சையது உசேன் 1808இல் நிறுவிய பள்ளிவாசலுமாகப் பல சமயத்தாரின் ஸ்தானங்கள் ஒரு சிறு நடைத் தூரத்திற்குள் அடங்கிவிடுகின்றன. உலகில் வேறெங்கும் இத்தகைய சேர்க்கை இல்லை என்று கூறுவது மிகையாகும். ஆயினும் இத்தனை நெருக்கமாகவும், இருநூறு ஆண்டுக் காலம் இடையறாமலும் இது நிலைபெற்ற இடங்கள் அரியவை என்பதில் ஐயமில்லை.

இளமையில், குடிக்கூலிக் கட்டுப்பாடு இன்னும் அமலில் இருந்த காலத்தில், இவ்வீதியை அடுத்த ஒரு சந்தில் குடியிருந்தவன் நான். நெடுங்காலம் கழித்து மீண்டும் அங்கே சென்றபோது கட்டடங்கள் யாவும் முன்னிலும் பொலிவாக நிற்பதையும், அவற்றுள் வாழ்ந்த ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் இல்லாதிருப்பதையும் ஒருங்கே கண்டேன். ஒரு வட்டாரத்தில் கோயில்களும் பள்ளிவாசல்களும் நிலைத்திருக்க, அவற்றுக்குச் செல்லுங் குடிகள் மட்டும் பெயர்ந்துபோவதற்குக் காரணம் என்ன? பல சமயத்தாரும் பல மொழியினரும் கலந்து வாழும் நகர வாழ்க்கை எதனால் உண்டாகிறது, எதனால் தாங்கப்படுகிறது என்ற பொதுக் கேள்விக்கு இந்தச் சிறு கேள்வியின் வழியே ஒரு விடை காணலாம் என்பது இக்கட்டுரையின் உத்தேசம்.

2. இதுவரை கூறப்பட்ட விளக்கங்கள்

ஜார்ஜ் டவுனின் கலப்பு வாழ்வைப் பற்றி மூன்று விதமான அபிப்பிராயங்கள் வழங்கிவருகின்றன. முதலாவது, அரசாங்கத்தாரும் சுற்றுலாத் துறையினரும் பரப்புவது. பிட் தெருவை அவர்கள் நல்லிணக்க வீதி என்று அழைக்கின்றனர். சகிப்புத்தன்மை என்னும் நற்குணம் இவ்வூர் மக்களுக்கு இயல்பாக வாய்த்தமையால் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே அமைந்தன என்பது அவர்கள் கூற்று. இது கேட்பதற்கு இனிது. ஆனால் விளைவையே காரணமாகக் கூறும் குற்றம் இதில் உண்டு.

இரண்டாவது, பர்மாவில் ஆங்கில அரசின் உத்தியோகஸ்தராக இருந்து பின் ஆராய்ச்சியாளரான ஃபர்னிவால், 1948இல் வெளியான தம் நூலில் விரித்துரைத்த கொள்கை. காலனியாட்சியின் கீழ் இருந்த கீழ்த்திசை நகரங்களில் பல இனத்தார் ஒரே ஊரில் இருந்தும் தத்தம் மதம், மொழி, வழக்கம் ஆகியவற்றுள் ஒதுங்கி வாழ்ந்தனர் என்றும், சந்தையில் கொள்வோரும் விற்போருமாகச் சந்தித்ததன்றி வேறு வகையில் ஒன்றுபடவில்லை என்றும், அவர்களைப் பிணைத்திருந்தது அந்நிய ஆட்சியின் அதிகாரமே என்றும் அவர் கருதினார். பர்மாவையும் ஜாவாவையும் நேரிற் கண்டு எழுதிய அவருடைய கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. தொழில் இனத்தின் வழியே பிரிந்திருந்தது என்று அவர் கூறியது பினாங்குக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

மூன்றாவது, கலப்பினப் பண்பாட்டை முதன்மையாகக் கொள்வது. தமிழ் முஸ்லிம் வியாபாரிகளுக்கும் மலாய்ப் பெண்டிருக்கும் பிறந்த சந்ததியாராகிய ஜாவி பெரானாக்கன் சமூகத்தைப் பற்றி ஹெலன் ஃபுஜிமோதோ 1988இல் வெளியிட்ட ஆய்வும், பினாங்கில் சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களைப் பற்றிக் கூ சல்மா நசுத்தியோன் 2014இல் வெளியிட்ட விரிவான நூலும் இவ்வகையில் முக்கியமானவை. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை ஆகிய துறைகளிலிருந்து மரக்கலமேறி வந்தோர், ஃபிரான்சிஸ் லைட் 1786இல் தீவைக் கைக்கொள்வதற்கு முன்பே அக்கரையிலுள்ள கெடாவில் வேரூன்றியிருந்தனர் என்பதும், மணவுறவும் மொழிக்கலப்பும் சந்தைக்கு அப்பாலும் மக்களை இணைத்தன என்பதும் இந்நூல்களால் தெளிவாகின்றன. ஃபர்னிவாலின் கொள்கைக்கு இவை தக்க மறுப்பு. ஆயினும் கலப்பு நிகழ்ந்த விதத்தை விளக்குமளவுக்கு, அக்கலப்பை ஒரே இடத்தில் நூற்றாண்டுக் கணக்கில் தாங்கிநின்றது எது என்பதை இவ்வகை விளக்கம் எடுத்துக்கொள்வதில்லை.

3. 1867ஆம் ஆண்டின் சாட்சியம்

மூன்று விளக்கங்களையும் உரைத்துப் பார்ப்பதற்கு 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நிகழ்ந்த பினாங்குக் கலகத்தைவிடத் தக்க சம்பவம் வேறில்லை. கீ ஹின் என்றும் தோ பே கோங் என்றும் பெயர்கொண்ட இரண்டு சீன ரகசியச் சங்கங்கள் ஏறக்குறையப் பத்து நாள் நகரத்தின் நடுவே போரிட்டன, பீரங்கிகளும் முழங்கின, அடுத்த ஆண்டு விசாரணைக் குழுவொன்று விரிவான அறிக்கை அளித்தது. இதனை வெறும் சீனர் சண்டை என்று கொள்வது தவறு. முஹர்ரம் விழாக் கொண்டாட்டங்களைச் சார்ந்து எழுந்த வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்னும் இரண்டு முஸ்லிம் சங்கங்கள் பக்கத்துக்கு ஒன்றாக இதில் கலந்துகொண்டன. கீ ஹின் சங்கத்தோடு வெள்ளைக் கொடியாரும், தோ பே கோங் சங்கத்தோடு சிவப்புக் கொடியாரும் உடன்படிக்கை செய்துகொண்டு நின்றனர். மலாயரும், ஜாவி பெரானாக்கன் மரபினரும், தமிழ் முஸ்லிம்களும் இவ்வாறு பிளவுண்டனர். சிவப்புக் கொடியின் தலைவராகிய சையது முகமது அலத்தாஸ் என்பவரின் மாளிகை ஆர்மீனியத் தெருவில் இன்றும் உள்ளது; அவருடைய கூட்டாளிகளாகிய கூ குலத்தாரின் மாளிகை அங்கிருந்து கூப்பிடு தூரம்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? சகிப்புத்தன்மையே இவ்வூரின் சுபாவம் என்ற முதற்கொள்கை இங்கே வலுவிழக்கிறது. அதே சமயம், சந்தைக்கு வெளியே இனங்கள் ஒன்றுபடவில்லை என்ற ஃபர்னிவாலின் கொள்கையும் நிலைபெறவில்லை; ஏனெனில் சீனனுக்காக முஸ்லிமும் முஸ்லிமுக்காகச் சீனனும் ஆயுதம் எடுத்தது வெறும் கொடுக்கல் வாங்கலால் விளையக்கூடிய காரியமன்று. பகைமையின் கோடு இனத்தையும் மதத்தையும் குறுக்கே வெட்டிக்கொண்டு, தெருவையும் தொழிலையும் அனுசரித்துச் சென்றிருக்கிறது. எந்தத் தெருவில் யார் காலூன்றி நிற்பது, எந்தத் துறையில் யார் பொருளீட்டுவது என்பவையே நட்பையும் பகையையும் தீர்மானித்தன என்றால், நாம் ஆராயவேண்டுவது மக்களின் மனப்பான்மையை மட்டுமன்று, அவர்கள் காலூன்றிய நிலத்தின் உரிமையையும் ஆகும்.

4. தர்ம நிலங்கள்

லைட் தீவில் இறங்கியபோது குடியேற்றத்தை விரைவுபடுத்த, காட்டை வெட்டித் திருத்தியவர்க்கு நிலம் உரியது என்ற விதமாக மக்களை அழைத்தார்; துறைமுகத்தில் சுங்கம் வாங்கவுமில்லை. ஏழெட்டு ஆண்டுகளுக்குள் சூலியாக்கள் மட்டும் பெண்டு பிள்ளைகளோடு ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்தனர் என்று அவரே கணக்கிட்டிருக்கிறார். ஆண்டுதோறும் வந்து, கூலியும் வியாபாரமும் செய்து, ஊர் திரும்பியவர்கள் அதற்கும் மேற்பட்டவர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தலைவர் கப்பித்தான் என்ற பெயருடன் நியமிக்கப்பெற்றார். 1801இல் தமிழ் இந்துக்களின் தலைவர் ஒருவருக்குக் குயின் தெருப் பக்கத்தில் கோயில் மனையும், பரங்கிப்பேட்டையினரான காதர் முகைதீன் தலைமையில் நின்ற முஸ்லிம்களுக்குப் பிட் தெருவில் 18 ஏக்கர் நிலமும் கிழக்கிந்தியக் கம்பெனியாரால் வழங்கப்பட்டன. சீனக் குலங்கள் தம் பொதுப்பணத்தைக் கொண்டு அண்டையிலுள்ள மனைகளை வாங்கிச் சேர்த்தன.

இங்கே கவனிக்கத்தக்க ஒரு விஷயம் உண்டு. முஸ்லிம்கள் வக்ஃபு என்றும், இந்துக்கள் தேவஸ்தான மானியம் என்றும், சீனர் குலச்சங்கச் சொத்து என்றும் வெவ்வேறு தர்ம சாஸ்திரங்களின்படி ஏற்படுத்திய மூன்றும் பயனளவில் ஒன்றே. விற்கவும் பங்கிடவும் இயலாத நிலம் நகரத்தின் நடுவே உண்டாயிற்று. அதன்மேல் எழுந்த வீடுகளின் குடிக்கூலி விளக்கெரிக்கவும் ஏழைகளுக்கு உணவிடவும் பயன்பட்டது. அவ்வீடுகளில் அந்தந்தச் சமூகத்தாரும், காலப்போக்கில் பிறரும் குடியிருந்தனர். ஆங்கில நீதிமன்றங்கள் இவற்றையெல்லாம் ஒரே விதமாக ஏற்கவுமில்லை. பினாங்கிலிருந்து மேல்முறையீட்டுக்குச் சென்ற ஒரு வழக்கில், குடும்பத்தின் முன்னோர் வழிபாட்டுக்கென்று ஒரு வீட்டை என்றென்றைக்கும் ஒதுக்கிவைத்த உயில் பொதுத் தர்மம் ஆகாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1875இல் தீர்ப்பளித்தது. ஒரு குடும்பத்தின் தர்மம் சட்டத்தின் முன் நில்லாமற் போயிற்று. ஒரு சமூகத்தின் தர்மம் நின்றது. தனி மாளிகைகள் கைமாறி அழிந்துபோக, கோயிலையும் பள்ளிவாசலையும் சங்க மண்டபத்தையும் சூழ்ந்த கொத்துக் கொத்தான வீடுகள் பிழைத்ததற்கு இது ஒரு பெருங்காரணம் என்று கருதுகிறேன்.

பிழைத்த தர்மங்கள் யாவும் நேர்மையாக நடந்தன என்றும் சொல்வதற்கில்லை. கப்பித்தான் பள்ளிவாசல் நிலத்தில் ஒழுங்கின்றி நெருங்கிய குடிசைகளும், வருமானத்தைப் பற்றிய வழக்குகளும் பெருகியதன் விளைவாக 1905இல் தனிச் சட்டம் இயற்றப்பெற்று, முகமதிய இந்து தர்ம சொத்துக்களின் பரிபாலன சபை ஏற்பட்டது. இரண்டு சமயத்தாரின் சொத்துக்கும் ஒரே சபை என்பது காலனி அரசாங்கத்தின் சௌகரியத்தை முன்னிட்டது. ஆனால் பள்ளிவாசல் வக்ஃபின் கணக்கும் மாரியம்மன் கோயிலின் கணக்கும் ஒரே மேசையின்மேல் சரிபார்க்கப்பட்ட அக்காலத்தை, இன்றைய நல்லிணக்கப் பேச்சாளர் எவரும் குறிப்பிடக் காணோம்.

5. குடிக்கூலிச் சட்டம்

தர்ம நிலத்துக்கு வெளியே தனியாருக்குரிய கடைவீடுகளே எண்ணிக்கையில் மிகுதி. அவற்றில் ஏழைகள் நிலைத்திருந்ததற்குக் காரணம் வேறொன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் கடுமையாகவே, குடிக்கூலியை உயர்த்தவும் குடிகளை வெளியேற்றவும் தடைவிதிக்கும் சட்டங்கள் பிறந்தன. 1966ஆம் ஆண்டுச் சட்டம், 1948 ஜனவரி 31ஆம் தேதிக்கு முன் கட்டப்பட்ட வீடுகள் எல்லாவற்றையும் இக்கட்டுப்பாட்டுக்குள் வைத்தது. ஜார்ஜ் டவுனின் பழைய நகரம் அநேகமாக முழுவதும் அதற்கு முன் கட்டப்பட்டதேயாகும்.

இச்சட்டம் அன்றாட வாழ்வில் எவ்வாறு உருப்பெற்றது என்பதை என் அநுபவத்தைக்கொண்டு ஒருவாறு கூறலாம். வீட்டை முதலில் எடுத்தவர் மேல்தளத்தைப் பலகைகளால் சிறுசிறு அறைகளாகத் தடுத்து உள்குடிகளுக்கு விட்டிருந்தார். நாங்கள் இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் வயோதிகச் சீனர் ஒருவர், இறந்தோருக்கென எரிக்கும் காகித மாளிகைகளையும் குதிரைகளையும் மூங்கிற் சிம்புகளில் ஒட்டிக்கொண்டிருப்பார். அடுத்த கடை கடையநல்லூர்க்காரர் ஒருவரின் நாணய மாற்று. அதற்கடுத்து ஹைனான் காப்பிக் கடை, அதன் வாசலிலேயே ஒரு தமிழ் முஸ்லிமின் நாசி கண்டார் சோற்றுக் கடை. எதிரே அஞ்சடி என்னும் நடைத் தாழ்வாரத்தில், மாரியம்மன் கோயிலுக்குச் செல்வோரை நம்பிய பூமாலை ஒட்டுக்கடை. மாடிப்படியும் குழாயும் நடுமுற்றமும் பொது. காகித மாளிகைக்காரர் எங்களுடன் மலாய் பேசுவார், காப்பிக் கடைக்காரர் தமிழில் எண்ணுவார், மாலைக்காரரின் பிள்ளைகள் ஹொக்கியன் மொழியில் விளையாடுவார்கள். இவர்களுள் எவரும் மற்றவரின் சமயத்தைப் பற்றி விசேஷமாக அறிந்தவர் அல்லர். அறியவேண்டும் என்ற ஆவலும் இருந்ததில்லை. கடை மூடியிருந்தால் சாவியை யாரிடம் கொடுத்துவைப்பது, நோயுற்றவருக்குக் கஞ்சி யார் கொண்டுபோவது, மாதக் கடைசியில் யாரிடம் கடன் கேட்பது என்பவை மட்டும் ஐயத்திற்கிடமின்றி எல்லோருக்கும் தெரிந்திருந்தன. இவ்வகை அறிவு ஓரிடத்தில் இருபது முப்பது ஆண்டுகள் சேர்ந்தாற்போல் இருப்பதால் வருவது. அங்ஙனம் இருக்கச் செய்தது குறைந்த குடிக்கூலி.

மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. கிடைக்கும் கூலி சொற்பமாயிருந்தமையால் வீட்டுக்காரர்கள் ஓட்டை மாற்றவோ உத்திரத்தைத் தாங்கவோ முன்வரவில்லை. மழைக்காலத்தில் பல மாடிகளில் பாத்திரம் வைத்து நீர் பிடித்தார்கள். உள்குடிகளிடம் பெருங்கூலி வாங்கி வீட்டுக்காரருக்குச் சிறுகூலி கொடுத்து இடையே லாபம் கண்டவர்களும் இருந்தனர். 1969இல் துறைமுகம் சுங்கமற்ற அந்தஸ்தை இழந்ததும், 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை எழுந்ததும் இளைஞர்களைத் தெற்கே இழுத்துக்கொண்டன. கடல்வழி யாத்திரை நின்றதோடு, ஹஜ்ஜுக்குக் கப்பலேறுவோர் தங்கிச்செல்லும் மையமாக விளங்கிய அச்சே தெருவும் ஓய்ந்தது. ஆகவே குடிகள் பெயர்ந்தமைக்குக் குடிக்கூலிச் சட்டத்தின் நீக்கமே முழுக்காரணம் என்று நான் கூறவில்லை. தேய்வு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. எனினும் தேய்வு வேறு, பெயர்ப்பு வேறு. முன்னதில் பிள்ளைகள் புறநகருக்குப் போனார்கள், பெற்றோரும் கடையும் தொழிலும் இருந்த இடத்தில் இருந்தனர்.

6. 2000க்குப் பின்

1997இல் நிறைவேறிய நீக்கச் சட்டம் 1999 டிசம்பர் 31 வரை தவணை அளித்தது. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் பல வீடுகளின் குடிக்கூலி ஒரேயடியாகப் பன்மடங்கு ஏறிற்று; கொடுக்கமாட்டாதோர் வெளியேறினர். வெளியேறிய வீடுகளுக்கு உடனே புதிய குடிகள் வரவுமில்லை. சில ஆண்டுகள் அவை பூட்டிக்கிடந்தன; பலவற்றில் சாளரங்களை அடைத்து, கூடு கட்டும் உழவாரக் குருவிகளுக்கு விட்டு, அக்கூடுகளைச் சீனச் சந்தைக்கு விற்றார்கள். மனிதர் பலர் நெருங்கி வாழ்ந்த அறைகளில் பதிவுசெய்யப்பட்ட பறவையொலி அல்லும் பகலும் ஒலித்த அக்காலம், இந்நகரத்தின் சரித்திரத்தில் மிகுந்த துயரத்துக்குரியதென்பது என் எண்ணம்.

2008 ஜூலை 7ஆம் தேதி யுனெஸ்கோ நிறுவனம் ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஜார்ஜ் டவுனின் மையப் பகுதி 109.38 ஹெக்டேர், சூழ்ந்த காப்புப் பகுதி 150.04 ஹெக்டேர். சேர்த்ததற்குக் காட்டிய காரணங்களுள் ஒன்று, ஆசியாவின் பல்சமயப் பல்லினப் பண்பாட்டுக்கு இந்நகரங்கள் உயிருள்ள சான்றாக விளங்குகின்றன என்பது. அச்சமயம் மையப் பகுதியில் வாழ்ந்தோர் ஏறத்தாழப் பதினாயிரவர். அதன்பின் சில ஆண்டுகளிலேயே அத்தொகை மேலும் குறைந்தது. உயிருள்ள சான்று என்று உலகம் ஒப்புக்கொண்ட காலமும், அவ்வுயிர் வீட்டைவிட்டு வெளியேறிய காலமும் ஒன்றாயின. குருவி வளர்ப்பு அப்பகுதியிலிருந்து விலக்கப்பட்டது. அதன் இடத்தில் விடுதிகளும் சிற்றுண்டிச் சாலைகளும் வந்தன. 2012இல் ஆர்மீனியத் தெருச் சுவரில் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸக்காரேவிச் தீட்டிய, மிதிவண்டியிற் செல்லும் இரு குழந்தைகளின் சித்திரத்தைக் காண இன்றும் மக்கள் வரிசையாக நிற்கின்றனர். ஓவியம் அழகியது, அதன்மேல் எனக்குக் குறையொன்றுமில்லை. அத்தெருவில் உண்மையில் மிதிவண்டி விட்ட குழந்தைகள் எங்கே என்பதே என் கேள்வி.

நான் மீண்டும் சென்றபோது எங்கள் வீடு ஒரு தங்கும் விடுதியாகியிருந்தது. குயின் தெருவில் தமிழ்க் கடைகள் உள்ளன. பாட்டும் பட்டும் மலிந்து, முன்னைவிட ஆரவாரமாகவே இருக்கின்றன. ஆனால் கடைக்காரர் பலர் இரவில் கதவடைத்துவிட்டுத் தொலைவிலுள்ள அடுக்குமாடிகளுக்குப் போகிறவர்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள், 1894இல் காரைக்குடியிலிருந்து தருவிக்கப்பட்ட வெள்ளி ரதம் பினாங்குத் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படுகையில் சீனர் மலைமலையாகத் தேங்காய் குவித்து உடைக்கும் வழக்கம் இன்னும் குறையவில்லை. இதைக் காட்டி, கலப்பு வாழ்வு அழியவில்லை என வாதிப்போர் உண்டு. விழாவுக்கு நகரத்தின் எப்பகுதியிலிருந்தும் வரலாம்; வேண்டுதல் வலியது. ஆண்டுக்கொரு நாள் சேர்வதும் ஆண்டு முழுவதும் ஒரே படியில் ஏறி இறங்குவதும் ஒன்றாகமாட்டா. முன்னதற்குப் பக்தி போதும், பின்னதற்கு வீடு வேண்டும்.

7. ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

தர்ம நிலமே காத்தது என்றால், தர்ம நிலத்து வீடுகளிலிருந்தும் குடிகள் வெளியேறியது ஏன் என்று வினவலாம். வினா நியாயமானது. வருமானம் பெருகும் என்ற ஆசையால் குலச்சங்கங்களிலும் அறநிலையங்களிலும் சில, நெடுநாட் குடிகளை விலக்கி வீடுகளை விடுதிக்காரருக்கு விட்டதுண்டு. இது என் முடிபைத் திருத்துகிறதேயன்றி மறுக்கவில்லை. விற்கக்கூடாது என்ற விதி மனையை மட்டுமே காத்தது. யாருக்கு, என்ன கூலிக்கு விடுவது என்பது அறங்காவலர் விருப்பத்தில் நின்றது. குடிக்கூலிச் சட்டம் இருந்த வரையில் அவ்விருப்பத்துக்கு ஓர் எல்லை இருந்தது. நிலத்தைச் சாசனமும் குடியைச் சட்டமும் காத்துநின்ற முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தையே நாம் பிட் தெருவின் சமரசம் என்று நினைவுகூர்கிறோம். கடலோரத்துக் குலத்துறைகளின் நிலையும் இதற்குச் சான்று: அரசுக் கடல்மேல் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தற்காலிக அநுமதியைக்கொண்டு கட்டப்பட்ட மரவீடுகளில், சூ குலத்தாரின் துறை மரபுரிமை எல்லைக்குள் அமைந்து பிழைக்க, கோய் குலத்தாரின் துறை 2006இல் இடிபட்டது. இரண்டிலும் பண்பாட்டுக்குக் குறைவில்லை. உரிமையின் உறுதியே வேறு.

2016இல் அரசிதழில் வெளியான சிறப்புப் பகுதித் திட்டம், கட்டடத்தின் உயரம், ஓடு, முகப்பு, அஞ்சடியின் அகலம் ஆகியவற்றை மிக நுட்பமாக வரையறுக்கிறது. குடிக்கூலியைப் பற்றி அதில் வரம்பில்லை. பழைய கட்டுப்பாட்டை அப்படியே மீட்பது இயலாது, நன்றுமன்று. வீட்டுக்காரர்க்கு அது இழைத்த அநீதியை மேலே கூறினேன். ஆனால் பள்ளிவாசல் வக்ஃபுகளும், இந்து அறப்பணி வாரியமும், குலச்சங்கங்களும் இன்றும் மையப் பகுதியில் ஏராளமான வீடுகளுக்கு உடையவர்கள். அவற்றுள் ஒரு பகுதியை, அவ்வட்டாரத்திலேயே தொழில் செய்து அங்கேயே குடியிருப்போருக்கு நெடுங்காலக் குத்தகையில் நிதானமான கூலிக்கு விடுவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. அவர்களுடைய சாசனங்களின் நோக்கத்துக்கும் அது ஒத்ததே. அதற்கு முதற்படியாக, அவ்வீடுகள் எத்தனை, 2000க்கு முன் அவற்றில் இருந்தோர் யார், இப்போது இருப்போர் யார் என்பதை மூன்று சமூகத்தாரின் குடிக்கூலி ஏடுகளையும் ஒன்றுசேர்த்துக் கணக்கிட வேண்டும்.